கஷ்டத்தில் இருக்கும் நண்பரிடம் இயேசுவைப் பற்றிப் பேசுவது: எந்த வழி, எப்போது?

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் கிறிஸ்தவர்கள் 6.12 சதவீதம். கன்னியாகுமரி, தூத்துக்குடிப் பக்கத்தைத் தாண்டி வந்துவிட்டால் நம் நெருங்கிய நண்பர்களில் முக்கால்வாசிப் பேர் இந்துக்களாகவோ முஸ்லிம்களாகவோதான் இருப்பார்கள். ஒரே பெஞ்சில் படித்தவர்கள், ஒரே ஆபீசில் டீ குடிக்கிறவர்கள், எதிர் வீட்டுக்காரர்கள். நல்ல நாளில் நம் நடுவே மதம் என்பது தீபாவளிப் பலகாரம், கிறிஸ்துமஸ் கேக் அளவுக்குத்தான் வரும். பயாப்ஸி ரிப்போர்ட் வந்த அன்றோ, வீட்டுக்காரர் இறந்த வாரத்திலோ, வேலை போன மாதத்திலோதான் கிறிஸ்தவராக இருப்பவருக்கு உள்ளே அரிக்க ஆரம்பிக்கும்: என்னைத் தாங்கிக்கொண்டிருக்கிற ஒன்றை இவரிடம் சொல்லாமல் இருக்கலாமா? சொன்னால் எப்படி எடுத்துக்கொள்வார்?

சபையில் கேட்டால், "சொல்லுங்க, காலம் கொஞ்சம்" என்பார்கள். வெளியே கேட்டால், "கஷ்டத்துல இருக்கிறவங்ககிட்ட போய் மதம் பேசுறது அசிங்கம்" என்பார்கள். இரண்டையும் முழுதாகத் தள்ளிவிட முடியாது. ஆனால் பேசுவதா, வாயை மூடிக்கொண்டிருப்பதா என்று மட்டும் பார்த்தால் நடுவில் இருக்கும் பல வழிகள் கண்ணில் படாமலே போய்விடும். கூட இருந்து உதவி மட்டும் செய்யலாம், ஜெபிக்கலாம், வசனம் அனுப்பலாம், சாட்சியாக நம் சொந்த அனுபவத்தைச் சொல்லலாம், புத்தகம் கொடுக்கலாம், கூட்டத்துக்கு அழைத்துப் போகலாம். இவற்றை ஒன்றோடொன்று ஒப்பிட நான் வைத்திருக்கும் அளவுகோல் ஒன்றுதான்: நண்பரால் இதை எவ்வளவு சுலபமாக வேண்டாம் என்று சொல்ல முடியும்?

ஏன் இந்த அளவுகோல்? நன்றாக இருக்கும் நண்பர் "போடா, உன் வேலையைப் பாரு" என்று சிரித்துவிட்டுப் போவார். ராத்திரி முழுக்க ஆஸ்பத்திரி வராண்டாவில் நம்மோடு உட்கார்ந்திருந்தவர், நம்மிடம் பத்தாயிரம் கைமாற்று வாங்கியவர், அப்படிச் சொல்ல மாட்டார். பிடிக்காவிட்டாலும் தலையாட்டுவார். அந்தத் தலையாட்டலை ஆர்வம் என்று நாம் எடுத்துக்கொள்வதில்தான் பாதிக் கோளாறு தொடங்குகிறது. நம் நம்பிக்கையைப் பற்றி விசாரித்துக் கேட்கிறவர்களுக்குச் சாந்தத்தோடும் வணக்கத்தோடும் பதில் சொல்லத் தயாராக இருங்கள் என்றுதான் வேதாகமத்தில் பேதுருவின் முதலாம் நிருபம் சொல்கிறது. நாம் தயாராக இருக்க வேண்டும், கேட்பது அவர் பக்கமிருந்து வர வேண்டும்.

சட்டத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அரசியல் சாசனத்தின் 25ஆவது பிரிவு மதத்தைப் பரப்பும் உரிமையைத் தருகிறது. அந்த உரிமைக்குள் இன்னொருவரை மதம் மாற்றும் உரிமை அடங்காது என்று 1977இல் ஸ்டெயின்ஸ்லாஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. தமிழ்நாட்டில் 2002 அக்டோபரில் கட்டாய மதமாற்றத் தடைக்கு ஓர் அவசரச் சட்டம் வந்தது, 2004 தேர்தலுக்குப் பிறகு அது விலக்கிக்கொள்ளப்பட்டது. வேறு சில மாநிலங்களில் இதுபோன்ற சட்டங்கள் இன்றும் இருக்கின்றன. ஆனால் நண்பர்கள் நடுவே சட்டம் வரைக்கும் போக வேண்டியதே இல்லை. சட்டம் அனுமதிப்பதிலேயே நட்பைக் கெடுக்கக்கூடியது நிறைய இருக்கிறது.

கூட இருப்பது மட்டும்

ஒன்றும் பேசாமல் உதவி மட்டும் செய்வது. இதைச் சில விசுவாசிகள் இரண்டாம் தரமாகப் பார்ப்பார்கள், "சோஷியல் சர்வீஸ்தானே" என்று. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. 1890களில் திண்டிவனத்தில், மிஷனரி டாக்டரான அப்பாவின் வீட்டில் இருந்த ஐடா ஸ்கடரிடம் ஒரே இரவில் மூன்று ஆண்கள் வந்தார்கள். ஒருவர் பிராமணர், ஒருவர் முஸ்லிம், மற்றவரும் இந்து. மூவரின் மனைவிமாரும் பிரசவ வேதனையில் இருந்தார்கள். ஆண் டாக்டர் தொடக்கூடாது, நீ வா என்று கேட்டார்கள். ஐடாவுக்கு வைத்தியம் தெரியாது. மூன்று பெண்களும் இறந்துபோனார்கள். அதன்பிறகு அமெரிக்கா போய் டாக்டருக்குப் படித்துவிட்டு வந்து, 1900இல் வேலூரில் ஒரே ஒரு கட்டிலோடு அவர் தொடங்கியதுதான் இன்றைய சி.எம்.சி. மருத்துவமனை. அந்த மூன்று கணவர்களுக்கும் அன்றைக்கு வேண்டியிருந்தது ஒரு பெண் டாக்டர். அவர்கள் கேட்டதைக் காதில் வாங்கிக்கொண்டதில்தான் அவருடைய ஊழியமே தொடங்கியது.

நம் அளவில் இது என்னவாக இருக்கும்? "ஏதாவது வேணும்னா சொல்லு" என்றால் யாரும் வாய்விட்டுக் கேட்க மாட்டார்கள், அதை விட்டுவிடலாம். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துக்கு வருமானச் சான்று வாங்க அலைவது, ரத்தம் கொடுக்க ஆள் பிடிப்பது, நண்பர் ஐ.சி.யூ. வாசலில் இருக்கும்போது அவர் பிள்ளையை டியூஷனில் இருந்து கூட்டி வருவது, ஒரு வேளை இட்லி. துக்க வீடு என்றால் முதல் பதினாறு நாளும் ஆள் இருக்கும். பிறகு இரண்டாம் மாதம், மூன்றாம் மாதம் வீடு காலியாகிவிடும். அந்த வருடம் பண்டிகையும் கிடையாது. எல்லார் வீட்டிலும் வெடி வெடிக்கிற தீபாவளி அன்று அந்த வீட்டுக்குப் போய் உட்கார்ந்திருப்பவர்களை அவர்கள் மறக்க மாட்டார்கள்.

வேண்டாம் என்று சொல்வது இந்த வழியில்தான் மிகச் சுலபம். "இட்லி இருக்குடா" என்றால் போதும். குறையும் ஒன்று உண்டு. வாழ்நாள் முழுக்க இதோடு நின்றுவிட்டால், நமக்குள் முக்கியமாக இருக்கும் ஒன்றை நண்பரிடமிருந்து ஒளித்து வைத்ததாகவும் ஆகும். இருபது வருட நட்புக்குப் பின், "நீ தினமும் எனக்காக ஜெபம் பண்றியா? சொல்லவே இல்லையே" என்று ஒருவர் கேட்டால் அதில் சின்ன வருத்தமும் இருக்கும்.

ஜெபம்

ஜெபம் என்று ஒரே சொல்லில் சொன்னாலும் அதற்குள் நான்கைந்து வேறு வேறு காரியங்கள் இருக்கின்றன. அவற்றைப் பிரித்துப் பார்க்காமல் முடிவெடுப்பதால்தான் இவ்வளவு சங்கடமும்.

நம் அறைக்குள் கதவைப் பூட்டிக்கொண்டு ஜெபிப்பதற்கு யாரிடமும் அனுமதி வேண்டியதில்லை. "உனக்காக ஜெபம் பண்ணிக்கிட்டிருக்கேன்" என்று அதை நண்பரிடம் சொல்வது அடுத்த படி. என் அனுபவத்தில் இதைக் கேட்டு முகம் சுளித்த இந்து நண்பர்கள் யாரும் இல்லை. "பண்ணுங்க, பண்ணுங்க, யார் புண்ணியத்திலாவது நல்லா வரட்டும்" என்பதுதான் வழக்கமான பதில்.

கட்டில் பக்கத்தில் நின்று சத்தமாக ஜெபிப்பது முற்றிலும் வேறு விஷயம். இதற்குக் கேட்க வேண்டும், அதுவும் மறுக்க வழி விட்டுக் கேட்க வேண்டும். "ஜெபிக்கலாமா?" என்று நான்கு பேர் முன்னால் கேட்டால் அதற்கு ஒரே பதில்தான் உண்டு. தனியாக இருக்கும்போது, "கிளம்புறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம் ஜெபிச்சிட்டுப் போகட்டுமா? இல்ல, வீட்டுக்குப் போயும் பண்ணிக்குவேன், எனக்கு ரெண்டும் ஒண்ணுதான்" என்று கேட்டுப் பாருங்கள். இரண்டாவது வாக்கியம்தான் முக்கியம். சரி என்றால் ஒரு நிமிஷம் என்பது ஒரு நிமிஷமாகவே இருக்க வேண்டும் (நம்மில் பலருக்கு இதுதான் எல்லாவற்றையும்விடக் கஷ்டம்). பொது வார்டில் பக்கத்துக் கட்டிலுக்குக் கேட்காத குரலில். "சத்துருவின் கட்டுகளை அறுக்கிறோம்" போன்ற சபை வழக்குகளை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போகலாம். நமக்குப் பழகிய பேச்சு, மயக்க மருந்து தெளியாமல் படுத்திருப்பவருக்குப் பயமாக இருக்கும்.

தலையில் கை வைப்பது, ஜெப எண்ணெய் பூசுவது, பாஸ்டரையும் ஜெபக் குழுவையும் அழைத்து வருவது இவையெல்லாம் இதற்கும் மேலே. இங்கே ஒரு நிமிஷம் இடம் மாறி நின்று பார்க்கலாம். நமக்கு ஆபரேஷன் ஆகியிருக்கிறது. நண்பரின் அம்மா பழனியிலிருந்து விபூதி கொண்டு வந்து, பாசத்தோடு, கேட்காமல் நம் நெற்றியில் பூசிவிடுகிறார். நம் வீட்டில் எத்தனை பேர் அதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்வார்கள்? பிரசாதமே வாங்க மாட்டோம் என்கிறவர்கள் நமக்குள் நிறையப் பேர். அந்தச் சங்கடம் நமக்கு வரும் என்றால், எண்ணெய்க் குப்பியோடு போகும்போது அவருக்கும் வரும். அவராகக் கேட்டாலொழிய இதைச் செய்வதில்லை என்று வைத்துக்கொள்வதுதான் நல்லது. கேட்டாலும், வீட்டில் மற்றவர்களுக்குத் தெரிந்துதான் கேட்கிறாரா என்று பார்க்க வேண்டும். நாம் ஐந்து நிமிஷத்தில் கிளம்பிவிடுவோம், மாமியாரிடம் பதில் சொல்வது அவர்தான்.

ஜெபக் குறிப்பு விஷயத்தை யாரும் பேசுவதில்லை, அதனால் நான் பேசுகிறேன். "என் ஃப்ரெண்டுக்கு கர்ப்பப்பையில் கட்டி, வீட்டுக்காரர் சரியில்லை, ஜெபித்துக்கொள்ளுங்கள்" என்று பெயரோடு சபையின் வாட்ஸ்அப் குழுவில் போடுவது சர்வ சாதாரணம். அந்தக் குழுவில் இருநூறு பேர். அதில் ஒருவர் அவர் கணவரின் ஆபீசிலேயே இருக்கலாம். நல்ல எண்ணத்தில் போட்டதுதான், ஆனால் ஊரில் இதற்குப் பெயர் வம்பு. பெயர், நோய், ஊர் எதுவும் இல்லாமல் "ஒரு தோழிக்காக" என்று போட்டால் ஆண்டவருக்கு ஆள் தெரியாமல் போய்விடாது.

வசனமும் வாட்ஸ்அப்பும்

காலை ஐந்தரைக்குச் சூரிய உதயப் படத்தோடு தினமும் அனுப்பும் வாக்குத்தத்த வசனத்தைத் திறந்தே பார்க்காமல் விடலாம். அந்த வகையில் மறுப்பது சுலபம்தான். ஆனால் பார்க்காமல் விடுவது பழகிவிட்டால் நம் எல்லா மெசேஜும் அந்தக் கணக்கிலேயே சேர்ந்துவிடும். எப்போதாவது, அவருக்கென்றே எழுதின இரண்டு வரியோடு ஒரு வசனம் என்றால் அது வேறு.

எந்த வசனம் என்பதிலும் கவனம் வேண்டும். பிள்ளையைப் பறிகொடுத்த தாய்க்கு, "சகலமும் நன்மைக்கேதுவாக" என்று வரும் வசனத்தை அனுப்பாதீர்கள். வசனத்தில் குற்றம் இல்லை, அனுப்பும் நேரத்தில்தான் இருக்கிறது. "ஆண்டவர் ஒரு நோக்கத்தோடதான் அனுமதிச்சிருக்கார்" என்பதும் அதே ரகம். வேதத்தில், பிள்ளைகளையும் சொத்தையும் இழந்த யோபுவின் நண்பர்கள் முதல் ஏழு நாளும் ஏழு இரவும் ஒரு வார்த்தையும் பேசாமல் அவரோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அதுவரைக்கும் நல்ல நண்பர்கள். விளக்கம் சொல்ல வாயைத் திறந்த பிறகுதான் "அலட்டுண்டாக்குகிற தேற்றரவாளர்" என்று பெயர் வாங்கினார்கள். "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்?" என்று தொடங்கும் 13ஆம் சங்கீதம் போன்ற புலம்பல்கள் வேதத்தில் நிறைய உண்டு. சாமியிடம் கோபப்படலாம், அழலாம், அது பாவமில்லை என்று தெரிவதே சிலருக்கு ஆறுதலாக இருந்திருக்கிறது.

சாட்சி

நம் சொந்தக் கதையைச் சொல்வதில் வாதம் இல்லை, வேறு சாமியைக் குறை சொல்வது இல்லை. நண்பர்கள் நடுவில் இயல்பாக வரக்கூடியதும் இதுதான். ஆனால் எந்தக் கதை? "எனக்கும் இப்படித்தான் கட்டி இருந்துச்சு, உபவாசம் இருந்து ஜெபிச்சோம், அடுத்த ஸ்கேன்ல காணோம்" என்ற சாட்சிக்குச் சபையில் அல்லேலூயா கிடைக்கும். நான்காம் கட்டப் புற்றுநோயில் இருப்பவருக்கு அது வேறு மாதிரிக் கேட்கும்: உனக்குச் செய்தார், எனக்கு ஏன் செய்யவில்லை? நான் என்ன பாவம் பண்ணினேன்? பிறவிக் குருடனைக் காட்டி "யார் செய்த பாவம்" என்று சீஷர்கள் கேட்டபோது, இவனும் அல்ல, இவனைப் பெற்றவர்களும் அல்ல என்று இயேசு சொன்ன பதில் ஞாபகம் இருந்தால் அப்படி ஒரு கதையை அந்தக் கட்டில் ஓரத்தில் எடுக்க மாட்டோம்.

குணமாகாத கதைதான் அங்கே எடுபடும். கேட்டது கிடைக்காமல் போன நாட்களில் எதைப் பிடித்துக்கொண்டு எழுந்தோம், எந்த ராத்திரியில் ஜெபிக்கவே வரவில்லை, அப்போது யார் நமக்காக ஜெபித்தார்கள் என்பது. தன்னை வாட்டிய வேதனையை முள் என்று சொன்ன பவுல், அதை எடுத்துவிடும்படி ஆண்டவரிடம் மூன்று தரம் கேட்டார், முள் எடுபடவில்லை, கிருபை போதும் என்ற பதில்தான் வந்தது. இந்த மாதிரிக் கதையைக் கேட்பவருக்கு எந்தக் கட்டாயமும் இல்லை. "ம்ம்" என்று சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போகலாம். பிறகு எப்போதாவது, "அன்னைக்கு ஏதோ சொன்னியே" என்று அவரே எடுத்தால் அப்போது பேச நிறைய இருக்கும். என்னைக் கேட்டால், வாய்விட்டுச் சொல்வதில் முதலிடம் இதற்குத்தான், அதுவும் இரண்டு நிமிஷத்துக்குள் முடிந்தால்.

வைத்தியத்தைப் பற்றி ஒன்று. எந்தச் சாட்சியோடும் மாத்திரையை நிறுத்தச் சொல்லும் யோசனை சேரக்கூடாது. காசநோய்க்கு மருந்து வழக்கமாக ஆறு மாதம். நடுவில் விட்டால் அந்த மருந்துக்கே கட்டுப்படாத கிருமி வளர்ந்துவிடலாம். இன்சுலினை நிறுத்தினால் சில நாளிலேயே உயிருக்கு ஆபத்து வரக்கூடியவர்கள் இருக்கிறார்கள். "விசுவாசத்தோட விட்டுடு" என்று யார் சொன்னாலும், மேடையிலிருந்தே சொன்னாலும், நண்பர் பக்கம் நின்று அதை மறுக்க வேண்டியது நாம்தான்.

புத்தகம், கைப்பிரதி

கைப்பிரதி என்கிற துண்டுப் பிரசுரம், முன்பின் தெரியாதவர்களுக்குக் கொடுக்கும் பொருள். நண்பருக்குக் கொடுத்தால் அவரைத் தெருவில் போகிறவராக ஆக்கிவிடுகிறோம். புத்தகம் கொடுப்பதென்றால் முழு வேதாகமத்தை விட, வேதாகமச் சங்கம் தனியாக அச்சிடும் ஒரு சுவிசேஷமோ சங்கீதமோ போதும். மாற்கு சுவிசேஷம் மொத்தமே 16 அதிகாரம்தான், ஒரு மாலையில் படித்துவிடலாம். கேட்டால் கொடுங்கள். இதற்கு மேல் சொல்ல ஒன்றும் இல்லை.

எங்கே அழைத்துப் போவது?

தமிழ்நாட்டில் இது நாம் நினைப்பதைவிடச் சிக்கலான கேள்வி. வேளாங்கண்ணிக்கு ஓர் இந்துக் குடும்பம் போய் மொட்டை போட்டு, நேர்த்திக்கடன் செலுத்தி வருவதை ஊரில் யாரும் மதமாற்றமாகப் பார்ப்பதில்லை. சென்னை அரண்மனைக்காரன் தெரு அந்தோணியார் கோவிலில் செவ்வாய்க்கிழமை வரிசையில் நின்று பார்த்தால் நெற்றியில் குங்குமம் வைத்தவர்கள் எத்தனை பேர் என்று தெரியும். அங்கே யாரும் பெயர் கேட்பதில்லை, மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வந்துவிடலாம். புராட்டஸ்டன்ட் பக்கம் இருந்து பார்க்கும் எனக்கு மாதா, அந்தோணியார் பக்தியில் சில கேள்விகள் உண்டு. ஆனாலும் வருகிறவர் தன் இஷ்டம்போல வந்து தன் இஷ்டம்போலப் போக முடிகிறது என்ற ஒன்றில் அந்தக் கோவில்கள் நம் சபைகளைவிடப் பல படி மேலே என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

நேர் எதிர்ப் பக்கத்தில் இருப்பது பெரிய சுகமளிக்கும் கூட்டம். பெயரும் போன் நம்பரும் எழுதும் படிவம், "முதல் தடவை வந்தவங்க கையைத் தூக்குங்க" என்ற அறிவிப்பு, மைக் முன்னால் சாட்சி, காணிக்கைக் கவர், மறுநாளிலிருந்து போன். ஒவ்வொரு இடத்திலும் மறுப்பது கொஞ்சம் கொஞ்சமாகக் கடினமாகிக்கொண்டே போகும். கடனில் இருக்கும் நண்பரை, "விதைச்சா நூறத்தனையா கிடைக்கும்" என்று காணிக்கை கேட்கும் இடத்துக்கு அழைத்துப் போவது எனக்கு எந்த வகையிலும் நியாயமாகப் படவில்லை. அவராகவே போக ஆசைப்பட்டால் கூடப் போங்கள், பர்ஸைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஞாயிறு ஆராதனை நடுவில் வரும். ஒழுங்கு தெரிந்த சபை, யாரும் எழுப்பி நிறுத்த மாட்டார்கள். ஆனால் அப்பமும் ரசமும் கொடுக்கும் நற்கருணை நேரத்தில் பெஞ்சோடு எல்லாரும் எழுந்து போக, நண்பர் மட்டும் உட்கார்ந்திருக்கும் அந்த ஐந்து நிமிஷத்தை முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும், நாமும் கூடவே உட்கார்ந்துவிடுவது இன்னும் நல்லது. அல்லது நற்கருணை இல்லாத ஞாயிறாகப் பார்க்கலாம். டிசம்பர் பாட்டு ஆராதனைக்கு அழைப்பது இவை எல்லாவற்றிலும் லேசானது. பாட்டுக் கேட்க வந்தேன் என்று யாரிடமும் சொல்லிக்கொள்ளலாம்.

நேரம் இல்லை என்றால்?

இவ்வளவும் சொன்னால் ஒரு கேள்வி வரும், நியாயமான கேள்விதான். நண்பருக்கு டாக்டர் கொடுத்திருப்பதே இரண்டு வாரம். அவர் கேட்பார் என்று காத்திருந்தால்? நித்தியத்தை நம்புகிறவருக்கு இது விளையாட்டு இல்லை. எனக்கும் இதில் முழுசாகத் தீர்ந்த பதில் கிடையாது. ஆனால் அப்போதும் நேராக ஒரே ஒரு தடவை கேட்டுவிட முடியும்: "உன்கிட்ட மறைக்க வேண்டாம்னு பார்க்கிறேன். எனக்கு இயேசு பெரிய தைரியம். அதைப் பத்தி உனக்குக் கேக்கணும்னு தோணினா நான் இருக்கேன். தோணலைன்னாலும் நாளைக்கு இதே நேரத்துக்கு வருவேன்." அவ்வளவுதான். இரண்டாம் தடவை கேட்கக் கூடாது, மறுநாள் வருவதாகச் சொன்னபடி போக வேண்டும். பர்திமேயு என்ற குருடனைப் பார்த்தாலே அவனுக்கு என்ன தேவை என்று யாருக்கும் தெரியும். அவனிடமும் இயேசு, "நான் உனக்கு என்ன செய்யவேண்டும்" என்று கேட்டுவிட்டுத்தான் செய்தார்.

எதிர்ப்பக்கமும் நடக்கும். நாம் ஒன்றுமே சொல்லாதபோது நண்பரே, "நானும் உங்க சாமிக்கு வந்துடுறேன், ஞானஸ்நானம் எடுத்துக்கிறேன், இவர் பிழைச்சா போதும்" என்பார். அந்த நேரத்தில் சந்தோஷத்தில் பாஸ்டருக்குப் போன் போடக் கூடாது. அது பேரம், அவர்மேல் தப்பில்லை, ஆபரேஷன் தியேட்டர் வாசலில் எல்லாரும் எல்லா சாமியிடமும் செய்கிற பேரம்தான். "முதல்ல இவர் நல்லபடியா வீட்டுக்கு வரட்டும், நிதானமா பேசுவோம்" என்று சொல்லி, காபி வாங்கிக் கொடுத்து உட்கார வைக்கலாம். எப்படியும் பெரும்பாலான சபைகளில் ஞானஸ்நானத்துக்கு முன் ஆயத்த வகுப்பு உண்டு. மூன்று நான்கு மாதம் கழித்து, தையல் ஆறி, பில் எல்லாம் அடைத்த பிறகு, வீட்டில் கணவனும் மனைவியும் சேர்ந்து இருக்கும்போது அவரே மறுபடி அதே பேச்சை எடுத்தால் மாற்குவின் ஒரு பிரதியோடு போய் உட்காருங்கள். எடுக்காவிட்டால் பிள்ளையின் பரீட்சையைப் பற்றிக் கேட்டுவிட்டு வரலாம்.